பதினைந்தாயிரத்துக்குள் ஒரு செஸ் டேப்: ஏற்காட்டு மாணவி ஒருத்திக்காகத் தேர்ந்தெடுத்த விதம்

சேர்வராயன் மலையில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டம். அங்கே அப்பா மேஸ்திரி. அம்மாவும் அதே தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் மகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் நான் நடத்தும் செஸ் வகுப்புக்கு வருகிறாள். 2024 தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் அவளுடைய அப்பா என்னிடம் கேட்டார்: "சார், பாப்பாவுக்கு செஸ்ஸுக்குன்னே ஒரு டேப் வாங்கலாம்னு இருக்கேன். கவர் கிவர் எல்லாம் சேர்த்துப் பதினைஞ்சாயிரத்துக்குள்ள முடியணும். எதை வாங்கட்டும்?"

சேலத்தில் அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று எல்லாப் பக்கத்துப் பெற்றோரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். இந்தக் குடும்பத்தின் அனுபவத்தை மட்டும் விரிவாக எழுதக் காரணம் உண்டு. அவர்களுடைய நெருக்கடிகள் தெளிவானவை: பணம் குறைவு, சிக்னல் குறைவு, கரண்ட் அடிக்கடி போகும், வீட்டில் இரண்டு பிள்ளைகள். இத்தனைக்கும் நடுவே ஒரு டேப் சரியாக வேலை செய்தால், சேலத்தில் வசதியாக இருக்கும் வீட்டில் அது தாராளமாக வேலை செய்யும். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஸ்ஸுக்கு டேப் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது திரையின் குறுகிய பக்கம் எத்தனை சென்டிமீட்டர் என்பதை. அடுத்து, நெட் இல்லாத நேரத்தில் அது எதற்கு உதவும் என்பதை. பிராசசர், கேமரா, ரேம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கடைகளில் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

போனில் என்ன நடந்துகொண்டிருந்தது

அதுவரை அவள் அப்பாவின் போனில்தான் விளையாடினாள். எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், போனில் அவள் என்னென்ன செய்கிறாள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி வரச் சொன்னேன். தேவை என்ன என்று தெரியாமல் பொருளைத் தேடக் கூடாது. எழுதி வந்ததைப் படித்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, விரல் தவறிப் பக்கத்துக் கட்டத்தில் காய் போய் உட்கார்ந்த ஆட்டங்கள். ஆறரை அங்குல போனின் அகலம் ஏறக்குறைய 6.8 சென்டிமீட்டர். அதை எட்டால் வகுத்தால் ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. நேரம் குறையக் குறைய விரல் பதறும். ராணி ஒரு கட்டம் தள்ளிப்போய் விழும். ஆட்டம் தெரியாமல் தோற்றால் அதிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம். விரல் தவறித் தோற்றதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இரண்டு, நடுவில் சிக்னல் அறுந்த ஆட்டங்கள். மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்தியது: ஆட்டம் முடிந்ததும் அதைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமே அவளுக்கு இல்லை. "ஏன் கண்ணு பார்க்கிறதில்லை?" என்று கேட்டேன். "போர்டும் மூவ் லிஸ்ட்டும் ஒண்ணா தெரியலை சார். ஏதோ ஒண்ணைத்தான் பார்க்க முடியுது" என்றாள். போனில் பலகை மேலே, நகர்த்தல் வரிசை கீழே ஒரு சின்னப் பட்டையில். வேறு விதமாக ஆடியிருந்தால் என்ன ஆகும் என்று கிளை நகர்த்தல்களைத் தொட்டுப் பார்ப்பதற்குள் எந்த நிலையிலிருந்து கிளம்பினோம் என்பது மறந்துவிடும். விளையாட மட்டும் என்றால் போனில் எப்படியோ சமாளிக்கலாம். படிப்பதற்கு அது போதாது. டேப் வாங்குவதற்கான நியாயமே இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பலகை சதுரம், திரை சதுரம் அல்ல

டேப்பின் அளவை மூலைக்கு மூலை அங்குலத்தில் சொல்கிறார்கள். செஸ்ஸுக்கு அந்த எண் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. பலகை சதுரம், எவ்வளவு நீளமான திரை வாங்கினாலும் பலகை குறுகிய பக்கத்தைத் தாண்டி வளராது. அதனால் 10 அங்குலம், 11 அங்குலம் என்று பேசுவதை விட்டுவிட்டு ஒரு தாளில் குறுகிய பக்கங்களைக் கணக்குப் போட்டோம். அவளையே போடச் சொன்னேன். பித்தாகரஸ் தேற்றம் தெரிந்திருந்தால் போதும்.

8.7 அங்குல சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9: குறுகிய பக்கம் சுமார் 11.3 செ.மீ. 11 அங்குல ரெட்மி பேட் எஸ்இ, அதே அளவுள்ள கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ்: இரண்டும் 16:10 விகிதம், குறுகிய பக்கம் சுமார் 14.8 செ.மீ. 10.2 அங்குல ஐபேட்: 4:3 விகிதம் என்பதால் 15.5 செ.மீ. 11.35 அங்குல ஒன்பிளஸ் பேட் கோ: 7:5 விகிதம், 16.8 செ.மீ. கவனியுங்கள், 10.2 அங்குல ஐபேடில் வரும் பலகை 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்பில் வருவதைவிடப் பெரியது. அங்குலத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால் குறுகிய பக்கம் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. படுக்கை வாட்டில் வைக்கும்போது பலகைக்குப் பக்கத்தில் மிஞ்சும் இடத்தில்தான் நகர்த்தல் வரிசையும் ஆசிரியரின் குறிப்புகளும் என்ஜின் (நிலையை அலசி நல்ல நகர்த்தலைச் சொல்லும் மென்பொருள்) காட்டும் வரிகளும் வர வேண்டும். 16:10 திரையில் பலகை போக ஏறக்குறைய 9 செ.மீ. மிஞ்சுகிறது, 7:5 திரையில் 6.7 செ.மீ.; 10.2 ஐபேடில் 5.2 செ.மீ.தான். அதாவது பலகை பெரிதானால் குறிப்புக்கான இடம் குறையும். திரையின் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் தின்றது போக 11 அங்குல டேப்பில் பலகை பதின்மூன்று பதின்மூன்றரை செ.மீ. வருகிறது, ஒரு கட்டம் 1.7 செ.மீ. பெரியவர் விரலுக்குக்கூட அது போதும். பக்கத்தில் வரிசை நிம்மதியாக ஓடுகிறது. படிக்கும் பிள்ளைக்கு இந்த அமைப்புதான் சரி என்று தோன்றியது. பிடிஎஃப் புத்தகங்களையே அதிகம் படிக்கிறவருக்கு மட்டும் 4:3 அல்லது 7:5 இன்னும் நல்லது. புத்தகப் பக்கத்தின் வடிவமும் அதுதான், எழுத்து பெரிதாகத் தெரியும்.

8.7 அங்குல டேப்பை அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எடை குறைவு, பையில் அடங்கும், பிள்ளை கையில் பிடிக்க வசதி. நிறுத்தி வைத்தால் பலகை முழு அகலத்துக்கும் வரும். ஒரு கட்டம் 1.4 செ.மீ. விளையாட இது தாராளம். ஆனால் படிப்பதற்குப் படுக்க வைத்தால் பலகை பத்து செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. போனைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். எந்தக் குறைக்காக டேப் வாங்குகிறோமோ அந்தக் குறை பாதி அப்படியே இருந்துவிடும். அதனால் அது வேண்டாம் என்றேன். செஸ் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கப் போவதில்லை. மேசையில் ஸ்டாண்ட் கவரில் நிற்கப் போகிறது. எடை அதிகமாக இருந்தால் என்ன?

என்ஜின் பற்றிய பயம்

"வேகமான பிராசசர் இருந்தாத்தான் ஸ்டாக்ஃபிஷ் நல்லா ஓடும்" என்று கடையில் ஒருவர் சொல்லியிருந்தார். ஸ்டாக்ஃபிஷ் என்பது ஒரு செஸ் என்ஜின். இது உண்மையா என்றால், தொழில்நுட்ப ரீதியில் உண்மைதான். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் அது நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்) மதிப்பீட்டைப் பயன்படுத்துகிறது. அந்தக் கணக்குகளை விரைவாகப் போட உதவும் சிறப்பு ஆணைகள் ஹீலியோ ஜி99 போன்ற புதிய வடிவமைப்புச் சிப்புகளில் உண்டு. ஸ்னாப்டிராகன் 680-இல் இருக்கும் பழைய வகைக் கோர்களில் இல்லை. ஆகவே ஒரே நிலையை இரண்டிலும் வைத்தால் ஜி99 வேகமாகத்தான் ஆழம் போகும்.

ஆனால் யாருக்காக அந்த வேகம்? இந்தப் பெண்ணுக்கு இன்னும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் வரவில்லை. 2024 மார்ச் முதல் ரேட்டிங் பட்டியலின் அடித்தளமே 1400 என்று உயர்த்தப்பட்டுவிட்டது. அந்த இடத்தை எட்டத்தான் உழைத்துக்கொண்டிருக்கிறாள். மலிவான டேப்பில், ஒரே நொடியில் ஸ்டாக்ஃபிஷ் சொல்லும் பதிலே எந்த கிராண்ட்மாஸ்டரின் கணிப்பையும்விடப் பலமானது. அவள் எந்த நகர்த்தலில் குதிரையை இழந்தாள் என்று சொல்ல அதற்கு அரை நொடி போதும். இருபது நகர்த்தல் ஆழத்துக்கும் முப்பது நகர்த்தல் ஆழத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் நிலைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

இதில் எனக்கு இன்னொரு உறுதியான கருத்தும் உண்டு. குகேஷுக்குப் பயிற்சி அளித்த விஷ்ணு பிரசன்னா, தன் மாணவர் கிராண்ட்மாஸ்டர் தரத்துக்கு வரும்வரை என்ஜின் உதவி இல்லாமலேயே பயிற்சி கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. எல்லாப் பிள்ளைக்கும் அதே முறை பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ஜின் வேகத்துக்காக ஐந்தாயிரம் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பெற்றோரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த ஐந்தாயிரத்துக்கு எத்தனையோ போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டலாம்.

ரேம் விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவருவதில்லை. 4 ஜிபிக்குக் கீழே போகக் கூடாது. 3 ஜிபி, 2 ஜிபி டேப்களில், ஆட்டத்தின் நடுவில் வேறு எதையாவது திறந்துவிட்டுத் திரும்பினால் செஸ் செயலி முதலிலிருந்து தொடங்குகிறது. அதற்குள் கடிகாரம் ஓடிவிடும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: "12 ஜிபி ரேம்" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டு, உள்ளே சிறிய எழுத்தில் 4 கூட்டல் 8 என்று இருக்கும். அந்த 8 நிஜ ரேம் அல்ல. சேமிப்பிடத்தைக் கடன் வாங்கிக் காட்டுவது. பெயர் தெரியாத மலிவு டேப்களில் இந்த வித்தை அதிகம். ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, அடுத்த பதிப்பு வருமா, சேலத்திலேயே சர்வீஸ் சென்டர் உண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே பெரும்பாலான பெயர் தெரியாத டேப்கள் விலகிவிடும். மலையிலிருந்து இறங்கி, ரிப்பேருக்காக இன்னொரு ஊருக்கும் போக வேண்டும் என்றால் அந்த டேப் பரணுக்குத்தான் போகும்.

பழைய ஐபேட் வாங்கலாமா என்ற யோசனையும் வந்தது. பலகை அழகாக வரும், திரை தெளிவு. ஆனால் இந்த விலைக்குள் கிடைப்பவை வயதானவை. உதாரணமாக, 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2, ஐபேட்ஓஎஸ் 15-ஐத் தாண்டிப் போகாது. இன்று ஓடும் செயலி நாளை புதிய பதிப்பு கேட்கும்போது பழைய கருவி ஏமாற்றிவிடும். பேட்டரியும் பாதி உயிரோடுதான் இருக்கும். வாரன்ட்டி இல்லாத பொருளை இந்தக் குடும்பத்துக்கு என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

சிம் போடலாமா, வைஃபை போதுமா

முடிவெடுக்கக் கடினமாக இருந்தது இந்தக் கேள்விதான். அவர்கள் வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. அப்பாவின் போன்தான் ஹாட்ஸ்பாட். காலையில் அவர் தோட்டத்துக்குப் போனால் நெட்டும் அவரோடு போய்விடும், மாலையில்தான் திரும்பும். அதனால் சிம் போடும் டேப் வேண்டும் என்பதுதான் அப்பாவின் முதல் எண்ணம். அதற்கு விலையும் கூடும். மாதாமாதம் இன்னொரு ரீசார்ஜும் சேரும். அதற்கு மேல், வீட்டுக்குள் அந்தச் சிக்னலே ஒரு கோட்டில்தான் நிற்கிறது. டேப்பில் சிம் போட்டாலும் அதே கோபுரம், அதே ஒரு கோடுதான்.

நான் வேறு விதமாக யோசிக்கச் சொன்னேன். செஸ் படிப்பில் நெட் கட்டாயம் வேண்டியது எது? இன்னொரு மனிதரோடு ஆடுவதற்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியும். லிச்செஸ் என்ற இணைய செஸ் தளத்தின் செயலி நெட் இருக்கும்போது ஒரு கட்டுப் புதிர்களை இறக்கி வைத்துக்கொள்ளும். நெட் போன பிறகும் அவற்றைப் போடலாம். டிராய்ட்ஃபிஷ் என்ற இலவசச் செயலியில் ஸ்டாக்ஃபிஷ் உள்ளேயே இருக்கிறது. நகர்த்தல்களை எழுத்தாகச் சேமிக்கும் பிஜிஎன் கோப்புகளைத் திறந்து ஆட்டங்களை ஒவ்வொரு நகர்த்தலாகப் பார்க்கலாம், நெட் எதற்கும் வேண்டாம். அதில் என்ஜினை அணைத்து வைத்து, வெறுமனே ஆட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். வாராவாரம் பாடத்தை லிச்செஸ்ஸில் ஒரு ஸ்டடியாக, அதாவது அத்தியாயங்களாகப் பிரித்த பாடத் தொகுப்பாக, தயாரிக்கிறேன். அதில் ஒரு ஸ்டடிக்கு 64 அத்தியாயங்கள் வரை போடலாம். அதையே பிஜிஎன் கோப்பாகவும் எடுத்து வைக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு வைஃபையில் அவள் கோப்பை இறக்கிக்கொள்கிறாள், புதிர்களைப் புதுப்பித்துக்கொள்கிறாள், பிறகு மலை ஏறுகிறாள். பகலில் படிப்பு, மாலையில் அப்பா வந்து ஹாட்ஸ்பாட் போட்டதும் ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 நொடி கூடுதல் என்ற கணக்கில் ஒரே ஒரு ஆட்டம். நகர்த்தல்களை அனுப்பி வாங்கத் தேவைப்படும் டேட்டா மிகக் குறைவு. ஒரு கோடு சிக்னலே போதும். வீடியோதான் டேட்டாவைத் தின்னும்.

இதைச் சொன்னதும் அம்மா ஒன்று சொன்னார்: "அப்ப நாங்க இல்லாத நேரத்துல அதுல நெட்டே இருக்காதுல்ல சார்? அதுதான் எங்களுக்கும் வேணும்." சிம் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. பிள்ளை கையில் கருவியைக் கொடுப்பது குறித்து வீட்டில் இருந்த தயக்கமும் அதோடு கரைந்தது.

வாங்கியது

கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் பட்ஜெட்டைத் தாண்டியது. ரெட்மி பேட் எஸ்இ, 4 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பிடம், பதின்மூன்றாயிரத்தை ஒட்டிய விலை, அதை வாங்கினார்கள். ஒன்பிளஸ் பேட் கோவின் 7:5 திரை எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும். அப்போது அது இருபதாயிரத்தை ஒட்டி இருந்ததால் பேச்சே எடுக்கவில்லை. மீதிப் பணத்தில் ஸ்டாண்ட் கவர், டெம்பர் கிளாஸ், அப்புறம் நான் வற்புறுத்திச் சேர்த்த ஒரு சுருட்டு போர்டும் கனமான பிளாஸ்டிக் காய்களும்.

அந்தச் சுருட்டு போர்டு இந்த ஆய்வில் முக்கியமான பங்குதாரர். போட்டியில் அவள் உட்காரப் போவது ஐந்து ஆறு செ.மீ. கட்டங்கள் கொண்ட நிஜப் பலகையின் முன்னால். ஃபிடே விதிப்படி நடுவரின் அனுமதி இல்லாமல் எந்த மின்னணுக் கருவியையும் ஆட்டக்காரர் ஆடுமிடத்துக்குக் கொண்டுவரவே கூடாது. திரையில் மட்டும் பழகிய கண் நிஜப் பலகையில் தூரத்து மந்திரியைக் கவனிக்காமல் விடுவதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். அதனால் விதி இதுதான்: நிலை டேப்பில் இருக்கும், காய்களைப் பலகையில் அடுக்கி யோசிக்க வேண்டும், பதிலை நோட்டில் எழுதிய பிறகே டேப்பைத் தொட வேண்டும்.

அமைப்பு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிச்செஸ்ஸில் சிறுவர் முறையை இயக்கி அரட்டையை மூடினோம். அறிவிப்புகளை அணைத்தோம். தம்பிக்குத் தனிக் கணக்கு. லிச்செஸ் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது, இன்னொரு தளமான செஸ்.காமில் இலவசக் கணக்குக்கு விளம்பரமும் வரம்புகளும் உண்டு என்பதால் இப்போதைக்கு அது வேண்டாம் என்று வைத்தோம்.

டிசம்பர் மழை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாட்கள் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லாம் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அவர்கள் வீட்டில் கரண்ட்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. பள்ளி விடுமுறை.

அந்த டேப்பின் பேட்டரி 8000 எம்ஏஹெச். என்ஜினை ஓட்டாமல், திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, பிஜிஎன் கோப்பைத் திறந்து ஒரு நிலையை எடுப்பாள். உடனே திரையை அணைத்துவிட்டு, அகல் விளக்கோ டார்ச்சோ வைத்துக்கொண்டு தம்பியோடு பலகையில் ஆடிப் பார்ப்பாள். கரண்ட் திரும்பி வந்தபோது பேட்டரியில் மிச்சம் இருந்ததாம். அந்த வாரப் பாடம் யானை முடிவாட்டங்கள். அடுத்து வகுப்புக்கு வந்தபோது மற்ற யாரையும்விட அவளுக்குத்தான் பாடம் முழுதாகத் தெரிந்திருந்தது. சேலத்தில் நெட்டும் கரண்ட்டும் இருந்த பிள்ளைகள் கோப்பைத் திறக்கவே இல்லை. என்ஜினைத் தொடர்ந்து ஓட்டியிருந்தால் அந்தப் பேட்டரி அப்படித் தாங்கியிருக்காது. எல்லாக் கோர்களையும் முழு மூச்சில் ஓட்டுவதால் டேப்பும் சூடாகும், சார்ஜும் மளமளவென்று இறங்கும்.

சில நாட்கள் கழித்து, டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆம் ஆட்டம். நம் நேரப்படி மதியம் இரண்டரைக்குத் தொடங்கும் ஆட்டம் என்பதால், அவள் பள்ளி விட்டு வந்து, அப்பாவும் வந்து, ஹாட்ஸ்பாட் போட்டபோது கடைசிக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ பார்க்கவில்லை, நகர்த்தல்கள் மட்டும் வரும் லிச்செஸ் ஒளிபரப்புப் பக்கம். என்ஜினை அணைத்து வைத்திருந்தாள். 55-ஆம் நகர்த்தலில், குகேஷை எதிர்த்து வெள்ளைக் காய்களோடு ஆடிய டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"சார், யானையை மாத்தினா வெள்ளை மந்திரிக்கு ஓட வழியே இல்லை. மூலையில மாட்டியிருக்கு" என்று எனக்குப் போனில் சொன்னாள். குகேஷ் அதைத்தான் செய்தார்: யானையை மாற்றினார், மந்திரியை டி5-இல் வைத்து எதிர்த்தார், ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ள சிப்பாய் முடிவாட்டம் மிஞ்சியது, 58-ஆவது நகர்த்தலுக்குப் பின் டிங் விட்டுக்கொடுத்தார். உலகச் சாம்பியன் பட்டம் பதினெட்டு வயதுச் சென்னைப் பிள்ளைக்கு. என்ஜின் ஓடியிருந்தால், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் மதிப்பீட்டுப் பட்டை சட்டென்று சாய்ந்து அவளுக்கு விடையைக் காட்டியிருக்கும். அவள் தானாகப் பார்த்திருக்க முடியாது. இந்த ஒரு மாலைக்காகவே அந்தப் பதின்மூன்றாயிரம் தகும் என்று எனக்குத் தோன்றியது.

குறைகளும் மாற்றங்களும்

எல்லாமே சரியாக அமைந்தது என்று சொல்ல முடியாது. இந்த டேப்பின் சார்ஜ் வேகம் 10 வாட்தான். பேட்டரி காலியானால் நிரம்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரண்ட் வந்து வந்து போகும் ஊரில் இது சிரமம். பாதி இறங்கினாலே சார்ஜ் போடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். பழைய புத்தகங்களின் ஸ்கேன் பிடிஎஃப்களை நிறுத்தி வைத்துப் படித்தால் எழுத்து பரவாயில்லை. படுக்க வைத்தால் பாதிப் பக்கம்தான் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பளபளக்கிறது. டெம்பர் கிளாஸ் வாங்கும்போதே மங்கலான பரப்புள்ள வகையை வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய சிக்கல் ஒன்று பொங்கல் விடுமுறையில் வந்தது. ஒரு நிமிட புல்லட் ஆட்டங்கள். மாலை ஹாட்ஸ்பாட் நேரம் முழுவதும் அதிலேயே போய்க்கொண்டிருந்தது. பெரிய பலகை, தவறாத விரல், வேகமான தொடுதிரை என்று வாங்கிய வசதிகளே அதற்குத் துணை போயின. கண்டிக்கவில்லை. "நீ ஆடின ஒவ்வொரு புல்லட் ஆட்டத்துக்கும் ஒரு ஆட்டத்தை எனக்கு எழுதி விளக்கணும் கண்ணு" என்றேன். மெல்ல மெல்ல எண்ணிக்கை தானாகவே குறைந்தது.

ஆட்டத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதா? வந்துவிட்டது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான விளைவு அதுதான். போட்டி முடிந்த இரவில் ஸ்கோர் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாக டேப்பில் ஏற்றுகிறாள். முதலில் தன் கருத்துகளை எழுதுகிறாள். பிறகே என்ஜினைப் போட்டுச் சரிபார்க்கிறாள். பக்கத்தில் 9 செ.மீ. இடம் இருப்பதால் எழுதியதும் பலகையும் ஒன்றாகத் தெரிகின்றன.

இதே சமயத்தில் அம்மாபேட்டையிலிருந்து வரும் ஒரு பையனுக்கு நான் சொன்னது வேறு. வீட்டில் பிராட்பேண்ட் உண்டு, அப்பாவுக்குத் தறி வேலை, ஒரு பழைய லேப்டாப் ஏற்கெனவே இருந்தது. படிப்பு லேப்டாப்பிலேயே நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, போட்டிகளுக்கு ரயிலில் போகும்போது புதிர் போடவும் இரவு அறையில் ஆட்டத்தைப் பார்க்கவும் மட்டும் 8.7 அங்குல டேப் வாங்கச் சொன்னேன். மலைப் பெண்ணுக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது இங்கே சரியான பொருள் ஆனது.

இனி இவளுக்கு எப்போது இந்த டேப் போதாமல் போகும்? ஓப்பனிங் தயாரிப்புக்குத் தனியாக ஆட்டக் களஞ்சியம் வைத்துக்கொள்ளும் கட்டம் வரும்போது. அதற்கான செஸ்பேஸ் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். ஆண்ட்ராய்டு டேப் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதற்கு உதவாது. அந்தக் கட்டத்தில் இன்னொரு டேப் வாங்க வேண்டாம், செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று பார்க்கலாம் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். அவர் அடுத்த மிளகு அறுவடைக் கூலியில் கொஞ்சம் எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.